ரெனாட்டே எழுதாத வரி

புதுச்சேரியில் இறங்கிய முதல் ஒரு மணி நேரத்துக்குள் ரெனாட்டேவுக்கு ஐந்து பேர் ‘போன்ழூர் மதாம்’ சொல்லிவிட்டார்கள். ஆட்டோக்காரர், இளநீர் விற்றவர், விடுதி வாசல் காவலாளி, மஞ்சள் சுவர் ஒன்றின் முன்னால் கல்யாணத்துக்கு முந்திய படம் எடுத்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை, அவரைப் படமெடுத்தவர். ரெனாட்டே ஜெர்மன் நாவலாசிரியர். வயது அறுபத்தொன்று. பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சுப் பாடத்தில் இரண்டு தடவை தோற்றவர். ஐந்தாவது வணக்கத்துக்குப் பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, “இந்தியாவில் வேறு ஊரே கிடைக்கவில்லையா உங்களுக்கு?” என்று ஜெர்மனில் கேட்டார்.

ஊரை நான் தேர்ந்தெடுக்கவில்லை. அவருடைய நாவலை நான் தமிழில் மொழிபெயர்த்தேன். அதைப் போட முன்வந்த ஒரே பதிப்பாளர் குமரவேல் இந்த ஊர்க்காரர். வாசகர்களைச் சந்திக்க எழுத்தாளரையே கூட்டிவர முடியுமா என்று பேச்சுவாக்கில் கேட்டார். நானும் பேச்சுவாக்கில் ரெனாட்டேவிடம் சொன்னேன். ஜெர்மானியர்களிடம் பேச்சுவாக்கில் எதையும் சொல்லக்கூடாது என்பதை இருபத்தெட்டு வருஷம் அங்கே இருந்தும் நான் கற்றுக்கொள்ளவில்லை. அவர் நாட்குறிப்பைத் திறந்து தேதி கேட்டுவிட்டார்.

நான் பிறந்தது தர்மபுரியில். இப்போது ஜெர்மனியில் ஒரு சின்ன நகரத்தின் நூலகத்தில், வாசகர்கள் திருப்பித் தரும் புத்தகங்களை அலமாரியில் அடுக்குகிறேன். என் கடவுச்சீட்டும் ஜெர்மன்தான். அதன்படி பார்த்தால் இது எனக்கும் வெளிநாட்டுப் பயணம். புதுச்சேரிக்கு இதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை, கல்லூரி நாளில், தமிழ்நாட்டு மாணவர்கள் எதற்காக வருவார்களோ அதற்காக வந்திருக்கிறேன். பேருந்து நிலையம் மட்டும்தான் நினைவில் இருந்தது, அதுவும் சாய்வாக.

அந்த முதல் நாள், வியாழக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டோடு முடிந்துபோனது. விடுதிப் பணியாளர் கொண்டுவந்து வைத்த வாழையிலையில் ரெனாட்டே இரண்டு தடவை ரசம் வாங்கினார். பரிமாறியவர், “மதாம் நல்லா சாப்புடறாங்க, எந்த ஊரு, பாரீஸா?” என்று கேட்டார். ஜெர்மனி என்றேன். “அது பக்கத்துலதான இருக்குது” என்று சமாதானம் சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை குமரவேல் எங்களைத் தட்டாஞ்சாவடிக்கு அழைத்துப்போனார். தொழிற்பேட்டைக்குள் லேத் பட்டறைக்கும் மருந்து அட்டைப்பெட்டி செய்யும் இடத்துக்கும் நடுவில் தகரக்கூரை போட்ட அச்சகம். ஐரோப்பிய எழுத்தாளர் ஒருவர் தன் புத்தகம் அச்சான இடத்தைப் பார்க்க விரும்புவார் என்பது குமரவேலின் கணிப்பு. ரெனாட்டேவுக்கு அப்படியொரு விருப்பம் இருந்ததில்லை. ஆனால் உள்ளே போனதும் காகிதமும் பசையும் சேர்ந்த வாசனையில் அவர் முகம் மாறியது. ஜெர்மனியிலும் இதே வாசனைதான் என்றார்.

பைண்டிங் மேசையில் நான்கு பெண்கள் பாரம் மடித்துக்கொண்டிருந்தார்கள். அச்சான பெரிய தாளை மடித்து மடித்துப் பதினாறு பக்கமாக்குகிற வேலை. அவர்களில் ஒருவரை குமரவேல் கூப்பிட்டார். ஐம்பது வயது இருக்கும், கண்ணாடி போட்டிருந்தார், விரலில் பசை காய்ந்திருந்தது.

“செல்வராணி. உங்க புக்க பைண்ட் பண்ணது இவங்கதான். இந்தப் பட்டறையிலயே மடிக்கிறத படிக்கிற ஒரே ஆளு. அதனால வேல கொஞ்சம் லேட்டாவும்.”

செல்வராணி அந்தக் கடைசி வாக்கியத்தைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. என்னிடம் சொன்னார்: “நான் கடைசிப் பக்கத்ததான் சார் மொதல்ல படிச்சேன். எங்க டேபிளுக்கு அந்தப் பாரம்தான் மொதல்ல வந்துச்சு. படிச்சிட்டு, இது யாரு, எதுக்கு இப்படி உக்காந்திருக்குதுன்னு தெரிஞ்சிக்கத்தான் முன்னாடி போனேன்.” பிறகு ரெனாட்டேவைப் பார்த்து, “நாளைக்குக் கூட்டத்துக்கு வரேன்மா. பேசணும்” என்றார்.

நான் இதில் பாதியைத்தான் மொழிபெயர்த்தேன். கடைசிப் பக்கம் வந்த இடத்தை விட்டுவிட்டேன், அதற்குக் காரணம் இருந்தது.

அதைச் சொல்லிவிடுகிறேன். ரெனாட்டேவின் நாவல் ஓர் அண்ணன் தங்கை கதை. அம்மா முதியோர் இல்லத்தில் இருக்கும்போது, அண்ணன் டீட்டர் தங்கை ஹன்னாவுக்குச் சொல்லாமல் பிறந்த வீட்டை விற்றுவிடுகிறான். அதோடு பேச்சு நின்றுபோகிறது. பல வருஷம் கழித்துக் கடைசிப் பக்கத்தில் டீட்டர் அவள் வீட்டு வாசலுக்கு வந்து மணி அடிக்கிறான். ஹன்னா சமையலறையில் உருளைக்கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருக்கிறாள். மணி மறுபடி அடிக்கிறது. ஹன்னா சீவிக்கொண்டேயிருக்கிறாள். அவ்வளவுதான், முற்றும்.

தமிழில் அதற்குப் பிறகு ஒரு வரி இருக்கிறது. ‘கத்தியைக் கீழே வைத்தாள்.’

அது என்னுடைய வரி. ஒரு காலை நேரம் கடைசிப் பக்கத்தை முடித்தபோது கை தானாக அடித்துவிட்டது. பிறகு எடுத்துவிடலாம் என்று விட்டேன். மெய்ப்புப் பார்க்கும்போது கண்ணில் பட்டது. அப்போதும் எடுக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளத் தோதாகப் பக்கத்தைச் சீக்கிரம் புரட்டினேன். ரெனாட்டேவுக்குத் தமிழ் தெரியாது. தமிழ் வாசகர்களுக்கு ஜெர்மன் தெரியாது. இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நான் ஒருவன்தான். அந்தத் தைரியம்தான்.

சனிக்கிழமை காலை ஒரு பள்ளியின் மாடிக்கூடத்தில் கூட்டம். நாற்பது பேர் வந்திருந்தார்கள். ஜெர்மனியில் வாசிப்புக் கூட்டம் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும், எங்கள் நூலகத்திலேயே மாதம் ஒன்று நடக்கும். எழுத்தாளர் ஒரு மணி நேரம் வாசிப்பார். யாரும் இருமக்கூட மாட்டார்கள். கடைசியில் ஒருவர் எழுந்து, உங்கள் மொழிநடையில் மௌனத்தின் இடம் என்ன என்று கேட்பார். எல்லோரும் அந்த மௌனத்தோடு வீட்டுக்குப் போவார்கள்.

இங்கே முதல் கேள்வி, டீட்டர் வீட்டை விற்றது எந்த நொத்தேர் முன்னால் என்பது. பத்திரம் எழுதிப் பதிகிற அதிகாரியை இந்த ஊரில் மூத்தவர்கள் இன்னும் பிரெஞ்சுக்காரர் வைத்த பெயரிலேயே சொல்கிறார்கள். “அம்மா உயிரோட இருக்கறப்ப, மகளோட கையெழுத்து இல்லாம எந்த நொத்தேரும் பண்ணமாட்டாரு” என்றார் ஒரு பெரியவர். ரெனாட்டே அதற்கு விரிவாகப் பதில் சொன்னார். தன் வாழ்நாளில் இப்படியொரு கேள்வி வந்ததில்லை, தானே அந்த இடத்தில் கொஞ்சம் சறுக்கிவிட்டதாகத் தோன்றுகிறது என்றும் ஒப்புக்கொண்டார். பெரியவர் வெற்றியோடு உட்கார்ந்தார். ஒரு கல்லூரி மாணவி உருளைக்கிழங்கு எதற்குக் குறியீடு என்று கேட்டாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு என்றார் ரெனாட்டே. மாணவி எழுதிக்கொண்டாள். ஹன்னாவுக்கு ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று மூன்று பேர் தனித்தனியாகக் கேட்டார்கள்.

பிறகு செல்வராணி எழுந்தார்.

“எங்க அப்பா மில்லுல வேல பாத்தவரு. உழவர்கரையில ஒரு வீடு கட்டினாரு. அவரு போனதும் எங்கண்ணன் அத தன் பேருக்கு மாத்திக்கினாரு. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. பதினோரு வருசம் நான் பேசல. போன மாசி மாசம் பொண்ணுக்குக் கல்யாணம்னு பத்திரிக்க எடுத்துக்கினு வந்து கதவத் தட்றாரு. எனக்குத் தெரியும் அவருதான்னு. அப்பதான் இந்த பாரம் மடிச்சு ஒரு வாரம் ஆவுது. அந்தப் பொண்ணு கத்திய கீழ வெச்சுது பாருங்க, அந்த எடம் ஞாபகம் வந்துச்சு. நானும் கையில இருந்தத கீழ வெச்சிட்டுப் போயி தொறந்துட்டேன்.”

கூடத்தில் யாரோ கைதட்டினார்கள். நான் ரெனாட்டேவிடம், “உங்கள் முடிவைப் படித்துவிட்டுப் பதினோரு வருஷம் பேசாத அண்ணனுக்குக் கதவைத் திறந்தாராம்” என்றேன்.

“என் முடிவைப் படித்துவிட்டா?” என்றார் ரெனாட்டே. “எப்படி என்று கேளுங்கள்.”

கேட்கத் தேவையிருக்கவில்லை. கூட்டம் ஏற்கெனவே இரண்டாகப் பிரிந்துவிட்டது. கத்தியைக் கீழே வைத்தால் திறந்தாள் என்றுதான் அர்த்தம் என்று ஒரு பக்கம். கை வலித்தால்கூட வைக்கலாம் என்று இன்னொரு பக்கம். நொத்தேர்ப் பெரியவர், வைத்தாள் என்றுதான் இருக்கிறது, எழுந்தாள் என்று இல்லையே என்று சட்டம் பேசினார். ஆளாளுக்கு இல்லாத கத்தி ஒன்றை எடுத்து இல்லாத மேசையில் வைத்துக் காட்டினார்கள். ரெனாட்டே அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன செய்கிறார்கள்?”

“உருளைக்கிழங்கைப் பற்றித்தான் பேசுகிறார்கள்” என்றேன்.

அப்போது பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். எழுபது வயதுக்கு மேல், இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டை, நிமிர்ந்த முதுகு. ஊரில் சொல்தா என்பார்கள், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு அங்கிருந்து ஓய்வூதியம் வாங்குகிறவர்களை. பெயர் லூர்துசாமி என்று பிறகு தெரிந்துகொண்டேன். பிரெஞ்சு ராணுவம் ஜெர்மனியில் முகாம் போட்டிருந்த காலத்தில் அவர் அங்கே பல வருஷம் இருந்திருக்கிறார். இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இந்த ஊருக்கு வருவதற்கு முன் இந்த ஊரைப் பற்றிக் கொஞ்சம் படித்திருக்க வேண்டும்.

அவர் ரெனாட்டேவைப் பார்த்து நேராக ஜெர்மனில் பேசினார். முகாம் ஜெர்மன், இலக்கணம் கிடையாது, ஆனால் ஒவ்வொரு சொல்லும் உதைத்த பந்துபோல வந்து விழுந்தது. “அம்மா. நல்ல புத்தகம். ஒரு கேள்வி. கடைசியில் அந்தப் பெண் கத்தியைக் கீழே வைக்கிறாள். ஏன்? அண்ணனுக்காகவா?”

ரெனாட்டே அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“எந்தக் கத்தி?”

“பிறகு சொல்கிறேன்” என்றேன்.

அவர் கூட்டத்தின் பக்கம் திரும்பிப் புன்னகைத்தார். எனக்கு அந்தப் புன்னகை தெரியும். ஜெர்மனியில் தாமதமாக வரும் ரயிலின் பரிசோதகரைப் பார்த்துச் செய்வது. “அதை என் மொழிபெயர்ப்பாளர்தான் நன்றாக விளக்குவார்” என்றார். லூர்துசாமி மரியாதையாகத் தலையாட்டி உட்கார்ந்தார். அன்று நான் என்ன விளக்கினேன் என்பது எனக்கே நினைவில்லை.

கூட்டம் முடிந்து நாங்கள் இறங்கும்போது செல்வராணி படிக்கட்டில் நின்றிருந்தார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, முதலியார்பேட்டையில் தன் வீட்டுக்குச் சாப்பிட வரவேண்டும் என்றார். “எங்கண்ணனும் வராரு. இந்தம்மா அவர பாக்கணும்.” ரெனாட்டே நான் மொழிபெயர்த்து முடிக்கும் முன்பே சரி என்று தலையசைத்தார்.

கடற்கரைச் சாலைக் காப்பிக்கடையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். சென்னையிலிருந்து வந்த இளைஞர் கூட்டம் ஒன்று பக்கத்தில் கடலுக்கு முதுகைக் காட்டி நின்று படமெடுத்துக்கொண்டிருந்தது. ரெனாட்டே கத்தவில்லை. காப்பியைக் கலக்கிக்கொண்டேயிருந்தார், சர்க்கரை போடாமலே.

“ஏன்?”

“மணி அடிக்கும்போது ஒருத்தி உட்கார்ந்தே இருப்பதை என்னால் விட்டுவிட முடியவில்லை. எங்கள் வீடுகளில் மணி அடித்தால் எழுந்திருப்பார்கள்.”

“நீங்கள் இருபத்தெட்டு வருஷமாக எங்கள் வீடுகளுக்கு நடுவில்தான் இருக்கிறீர்கள்.”

நான் கடைக்காரரிடம் பில் கேட்டேன்.

“நாளைக்கு அந்தப் பெண்ணிடம் இதைச் சொல்லப்போகிறேன்” என்றார். “இல்லை, நீங்கள் சொல்லப்போகிறீர்கள். எனக்குத்தான் மொழி தெரியாதே.”

வேண்டாம் என்று கெஞ்சினேன். அந்த ஒரு வரியை நம்பி ஒருத்தர் கதவைத் திறந்திருக்கிறார், இனி அதைப் போய்க் கலைப்பானேன் என்றேன். “அந்த நன்றி என்னுடையதில்லை. நான் அவர் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட வேண்டுமானால் அவருக்கு அது தெரிய வேண்டும்” என்றார். ஜெர்மானியர்களின் நேர்மை குளிர்காலம் மாதிரி. அதைப் பற்றி நாம் என்ன நினைக்கிறோம் என்று அது கேட்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை முதலியார்பேட்டை போகிற வழியில் ரயில்வே கேட் சாத்தியிருந்தது. கேட் திறந்தபோது எங்கள் ஆட்டோ கிளம்ப மறுத்தது. பின்னால் இருந்த அத்தனை வண்டியும் ஒரே நேரத்தில் ஒலி எழுப்பின. நான் இறங்கித் தள்ளினேன். ஓட்டுநர் கழுத்தைத் திருப்பி, “மதாம், பூசே, பூசே” என்றார். தள்ளு என்பதற்குப் பிரெஞ்சு. ரெனாட்டே, “எனக்குப் பிரெஞ்சு தெரியாது” என்று ஜெர்மனில் சொல்லிக்கொண்டே இறங்கி, தண்டவாளத்தைத் தாண்டும்வரை தள்ளினார். வண்டி கிளம்பியதும் ஓட்டுநர் என்னிடம், “மதாமுக்கு நல்ல பெலன் சார்” என்றார். அன்று காலையில் ரெனாட்டே முதன்முதலாகச் சிரித்தது அப்போதுதான். எனக்கு அந்த ஆட்டோ இன்னும் ஒரு மணி நேரம் நின்றிருக்கலாம் என்று இருந்தது.

செல்வராணியின் வீடு மூடிக்கிடக்கும் மில்லின் பின்பக்கத் தெருவில் இரண்டு அறை. கணவர் இல்லை. மகன் ஓசூரில் வேலை பார்க்கிறான். அண்ணன் மூர்த்தி எங்களுக்கு முன்பே வந்து மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தார். லேத் பட்டறையிலிருந்து ஓய்வு பெற்றவர். தங்கையைவிடக் குள்ளம், குரல் மட்டும் பெரியது.

சங்கரா மீன் குழம்பு, நண்டு வறுவல், முருங்கைக்கீரை. அதோடு, ரெனாட்டேவை நினைத்துச் செய்ததென்று, உருளைக்கிழங்கு வறுவல். ரெனாட்டே நண்டை உடைக்கத் தெரியாமல் திணறியபோது செல்வராணி ஒன்றும் கேட்காமல் அவர் தட்டிலிருந்து எடுத்து, உடைத்து, சதையை மட்டும் திரும்ப வைத்தார்.

“உப்பு கம்மி” என்றார் மூர்த்தி.

“பதினோரு வருசமா உப்பு சரியாத்தான் இருந்துச்சு” என்றார் செல்வராணி.

ரெனாட்டே என்னைப் பார்த்து, “இப்போது” என்றார்.

நான் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து சொன்னேன். சொல்வதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. “செல்வராணி அம்மா, அந்தக் கடைசி வரி இவங்க எழுதினதில்ல. நான் சேத்தது. இவங்களுக்கே நேத்துதான் தெரியும்.”

செல்வராணி கரண்டியைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். கோபமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. எழுந்து போய் ரசத்தை எடுத்துவந்து எல்லோருக்கும் ஊற்றினார். பிறகு உட்கார்ந்தார்.

“அப்ப அவங்க எழுதனதுல அந்தப் பொண்ணு என்னதான் பண்ணுது?”

“தோல் சீவிக்கிட்டே இருக்குது.”

“மணி அடிக்கறப்பவா?”

“ஆமா.”

“அதான் சரி” என்றார் மூர்த்தி. “நானா இருந்தா தொறந்திருக்கவே மாட்டேன்.”

“தெரியும். அதனாலதான் நான் தொறக்க வேண்டியதாப் போச்சு.” அண்ணனைப் பார்க்காமலே சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார். “நீங்க பண்ணது தப்பு சார். நான் மடிக்கறப்ப ஒரு பக்கம் மாறிப் போச்சுன்னா எனக்குச் சம்பளத்துல புடிப்பாங்க. நீங்க ஒரு வரியையே மாத்திட்டு வந்து கூட்டத்துல மேல உக்காந்துக்கினு இருக்கீங்க.”

இதை மொழிபெயர்க்கச் சொல்லி ரெனாட்டே கேட்டார். ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். அவருக்கு ரொம்பத் திருப்தி.

செல்வராணி ரெனாட்டேவிடம் நேராகக் கேட்டார். “உங்களுக்கு அண்ணன் இருக்காரா?”

இருக்கிறார் என்றார் ரெனாட்டே.

“வந்தாரா?”

இந்தக் கேள்வியை நான் ஜெர்மனில் சொன்னபோது ரெனாட்டே தட்டில் இருந்த மீன் முள்ளை ஒவ்வொன்றாக ஓரத்தில் ஒதுக்கினார். “வந்தான்” என்றார். “புத்தகம் வெளிவந்து நாலாவது நாள். கையில் புத்தகத்தோடு வந்தான். நான் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இரண்டு தடவை மணி அடித்தான்.”

“தொறந்தீங்களா?”

ரெனாட்டே என் மொழிபெயர்ப்புக்குக் காத்திருக்கவில்லை. இல்லை என்று தலையை மட்டும் அசைத்தார்.

பிறகு கொஞ்சம் பேசினார். நான் அவர் சொல்லச் சொல்ல மெதுவாகச் சொன்னேன். அண்ணனோடு பேச்சு நின்றது நிஜம்; முடிவை எழுதியபோது அது மட்டும் கதைதான். அண்ணன் வருவான் என்று நினைக்கவேயில்லை. வந்தபோது, எழுதிவைத்ததற்கு மாறாக எழுந்துபோக வெட்கமாக இருந்தது. அதன் பிறகு அந்த வருஷம் முழுக்க ஒவ்வொரு ஊரிலும் வாசகர்கள் அந்த முடிவைப் பாராட்டினார்கள். சமரசமில்லாத முடிவு என்றார்கள். எழுந்து திறந்திருந்தால் அவர்களை ஏமாற்றியதாகியிருக்கும் என்று தோன்றியது. இப்போது ஆறு வருஷமாகிறது. அண்ணன் வீடு காரில் போனால் முக்கால் மணி நேரம்.

செல்வராணி இன்னொரு துண்டு மீனை எடுத்து அவர் தட்டில் வைத்தார். மூர்த்திதான் பேசினார்.

“ரெண்டே தடவ அடிச்சிட்டுப் போனாரா? நான் அன்னிக்கு ஏழு தடவ தட்டினேன்.”

“ஏழா? மூணு” என்றார் செல்வராணி.

“ஏழு. நான் எண்ணினேன்.”

“உள்ள இருந்தது நான். மூணு.”

ரெனாட்டே எனக்கு ஒன்றும் சொல்லவேண்டாம் என்று கையைக் காட்டினார். முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பி அவர்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சண்டை தட்டிய எண்ணிக்கையிலிருந்து கல்யாண மண்டபத்தில் பாயசம் தீர்ந்துபோனதற்குப் போய், அங்கிருந்து அப்பா யாருக்கு முதலில் சைக்கிள் வாங்கித்தந்தார் என்பதற்குப் போயிற்று. உழவர்கரை வீட்டைப் பற்றி மட்டும் இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை. அந்த விஷயம் தீரவில்லை என்று எனக்குப் புரிந்தது. தீராமலேதான் சாப்பிடுகிறார்கள்.

திரும்பும்போது ரெனாட்டே சொன்னார்: “அடுத்த பதிப்பில் உங்கள் வரியை எடுத்துவிடுங்கள்.”

“சரி.”

“மோசமான வரி இல்லை. அதுதான் எனக்கு எரிச்சல். ஆனால் நான் எழுந்திருக்கவில்லை. எழுந்த மாதிரி ஒரு மொழியில் மட்டும் பெயர் வாங்கக்கூடாது.”

திங்கட்கிழமை கிளம்பினோம். விமானத்தில் அவர் தூங்கினார், அல்லது கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

எட்டு மாதம் கழித்து இரண்டாம் பதிப்பு வந்தது. குமரவேல் தொலைபேசியில் புலம்பினார். “சார், அந்த வரிய வெச்சித்தான சார் புக்கே ஓடுச்சு.” எடுத்தே ஆகவேண்டும் என்றேன். எடுத்தார். அதன் பிறகு அவருக்குப் புகார்கள் வர ஆரம்பித்தன. கடைசிப் பக்கத்தில் ஒரு வரி அச்சாகவில்லை, வேறு பிரதி அனுப்புங்கள் என்று. சிலர் பேனாவால் எழுதிச் சேர்த்துப் படமெடுத்து அனுப்பியிருந்தார்கள். எல்லாவற்றையும் குமரவேல் எனக்கு அனுப்பிவைத்தார், ஒரு குறிப்பும் எழுதாமல்.

செல்வராணியும் கூப்பிட்டார். “அந்த வரி இல்லாம மடிச்சேன் சார். ஒரு மாதிரிதான் இருந்துச்சு. ஆனா அதான் நாயம்.” கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டார்: “அப்ப அந்தம்மா இன்னும் தொறக்கலயா?”

தெரியாது என்றேன். அது உண்மை. ஊர் திரும்பிய பிறகு ரெனாட்டேவும் நானும் வேலை விஷயமாகத் தவிர எழுதிக்கொள்ளவில்லை. அன்று மாலை செல்வராணியின் கேள்வியை அப்படியே ஜெர்மனில் எழுதி அவருக்கு அனுப்பினேன். நலமா, வானிலை எப்படி என்றுகூடக் கூட்டவில்லை.

பத்து நாள் பதில் இல்லை. பிறகு ஒரு வரி வந்தது. செல்வராணியின் தொலைபேசி எண் வேண்டும். எண்ணை அனுப்பி, எப்போது பேசப்போகிறீர்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன் என்று எழுதினேன். தேவையில்லை, நன்றி என்று பதில் வந்தது.

ஒரு மாதம் பொறுத்தேன். அதற்கு மேல் முடியாமல் ஒரு சனிக்கிழமை நானே செல்வராணியைக் கூப்பிட்டேன். ரெனாட்டே பேசினாரா என்று கேட்டேன்.

“பேசினாங்க சார். வீடியோல. ரெண்டு தடவ.”

“மொழி தெரியாம என்ன பேசுனீங்க?”

“அவங்க எங்கிட்ட எதுவும் பேசல. போன ஒரு எடத்துல சாச்சு வெச்சிட்டாங்க. பக்கத்துல ஒருத்தரு. வழுக்க, கண்ணாடி போட்டிருந்தாரு. மூக்கப் பாத்தாலே தெரியுது அண்ணன்னு. எனக்கு வணக்கம் வெச்சாரு, நானும் வெச்சேன். அப்பறம் அவங்க ரெண்டு பேரும் சண்ட போட ஆரம்பிச்சிட்டாங்க. நான் பாத்துக்கினே இருந்தேன். அரமணி நேரம் போச்சு.”

ரெனாட்டேவின் வீடு என் வீட்டிலிருந்து நாற்பது கிலோமீட்டர். எனக்குச் செய்தி முதலியார்பேட்டையிலிருந்து வருகிறது.

“எதைப் பத்திச் சண்டைன்னு ஏதாவது தெரிஞ்சுதா?” என்று கேட்டேன். “அவங்க பேசினதுல ஒண்ணு ரெண்டு வார்த்தை ஞாபகம் இருந்தா சொல்லுங்க, நான் என்னன்னு சொல்றேன்.”

“வேணாம் சார்” என்றார் செல்வராணி. “எல்லாம் புரிஞ்சுது.”